என் பிரேக் பிடிக்கும்

அந்த வண்டியைக் கழற்றி, கழுவி, மறுபடி பூட்டி ஓடவிட எனக்கு இருநூற்றுப் பதினொரு நாட்கள் ஆயின. மழை பெய்த ஒன்பது நாட்களும் இதில் அடக்கம். மழையில் பெயின்ட் அடிக்க முடியாது. உப்புத்தாள் தேய்க்கலாம்.

மேடம், பேச வராவிட்டால் எழுதிக் கொடு என்று ஸ்டேஷனில் நான்கு வெள்ளைத் தாள்களும் பேனாவும் தந்தீர்கள். நன்றி. நான் இயற்பியல் பட்டதாரி. ஒரு பள்ளியில் எட்டு மாதம் ஆய்வக உதவியாளராக இருந்தேன். பிள்ளைகள் முன்னால் நின்றால் குரல் வெளியே வராது, அதனால் விட்டுவிட்டேன். எழுதும்போது அந்தத் தொந்தரவு இல்லை.

நான் மன்னிப்புக் கேட்க வரவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வண்டியைப் பரிசோதித்த பிரேக் இன்ஸ்பெக்டர் தன் அறிக்கையில் ஒரு வரி எழுதியிருக்கிறார்: 'வீட்டிலேயே பூட்டப்பட்ட வாகனம். கால் பிரேக் போதிய அளவு பிடிக்காததால் விபத்து நேர்ந்திருக்கலாம்.' கீழே விழுந்ததில் பிரேக் மிதி வளைந்திருந்தது. அவரால் மிதித்துப் பார்க்க முடியவில்லை. மிதித்துப் பார்க்காமலே எழுதிவிட்டார். அந்த வரி தவறு. அதைத் திருத்த வேண்டும்.

வண்டி என் அண்ணன் ஜோவுடையது. ஆர்.சி. புத்தகத்தில் அவன் பெயர்தான் இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. கொட்டாம்பட்டிப் பக்கம் மலைச்சாமி என்பவருடைய மாட்டுக் கொட்டகையில், ஆட்டுக்குட்டி கட்டும் முளையாக நின்றிருந்த பழைய புல்லட் அது. 1976ஆம் வருடத்து வண்டி. அண்ணன் அதைப் பார்த்து, பேசி வாங்கி, குட்டியானையில் ஏற்றி வந்து அவனியாபுரத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இறக்கினான். செல்போன் கடையில் வேலை பார்த்துக்கொண்டே யூடியூபில் ஒரு சேனலும் நடத்திவந்தான். பழைய வண்டியை வீட்டிலேயே புதுசாக்குவதைத் தொடராகப் போடப்போவதாகச் சொன்னான்.

முதல் வாரத்தில் நான்கு நட்டுகளைக் கழற்றினான். ஐந்தாவது துருப்பிடித்து அசையவில்லை. சுத்தியலைத் தூக்கினான். நான் அதை அவன் கையிலிருந்து வாங்கி வைத்தேன். நட்டின் மேல் எண்ணெய் விட்டு இரண்டு நாள் ஊறவிட்டேன். மூன்றாம் நாள் இரண்டு விரலுக்கு வந்தது. அதற்குப் பிறகு அவன் அந்த வண்டியில் ஒரு நட்டையும் தொடவில்லை.

எங்கள் வேலை முறை இதுதான். நான் வேலையைச் செய்வேன். செய்ததைக் காகிதத்தில் எழுதிக் கொடுப்பேன். அவன் அதை மனப்பாடம் செய்து கேமரா முன்னால் பேசுவான். கையில் கிரீஸ் தெரிய வேண்டும் என்பதற்காக என் துணியிலிருந்து கொஞ்சம் தொட்டுப் பூசிக்கொள்வான். நன்றாகப் பேசுவான். நான் வறட்டு வரியாக எழுதியதை அவன் சொல்லும்போது எனக்கே கேட்கப் பிடிக்கும். பெட்ரோல் டேங்கின் துருவை எடுக்க, சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் கம்பியைத் தொங்கவிட்டு, பேட்டரி சார்ஜரால் மின்சாரம் பாய்ச்சினேன். அந்த வீடியோவை மூன்று லட்சம் பேர் பார்த்தார்கள். அதில் தெரியும் கைகள் என்னுடையவை. வளையலை முதல் நாளே கழற்றிவிட்டதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

லேத் பட்டறை வைத்திருக்கும் நல்லகாமன் அண்ணனுக்கும் வரவில்லை. பிரேக் டிரம்மைக் கடைய அவரிடம் எடுத்துப் போனேன்.

"உங்கண்ணே குடுத்துவிட்டானா தாயி?"

தலையாட்டினேன்.

"எம்புட்டுக் கடையணும்னு அளவு சொன்னானா?"

துண்டுச் சீட்டை நீட்டினேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். "பாத்தியா, மயிரிழை பிசகாம எழுதிருக்கான். செல்போனு கடையில குந்திக்கிட்டு இம்புட்டு வேலை பாக்குறான். நீ படிச்சுப்புட்டு வீட்டுல தோசை சுட்டுக்கிட்டு இருக்க."

டிரம்மையும் சீட்டையும் வாங்கிக்கொண்டு வந்தேன். சீட்டில் இருந்தது என் கையெழுத்து.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். அண்ணன் என்னை மறைக்க நினைக்கவில்லை. நூறாவது நாள் வாக்கில் கேமராவை என் பக்கம் திருப்பினான். "மக்களே, நம்ம விஞ்ஞானி இவதான். பாப்பா, ஒரு வணக்கம் சொல்லு." நான் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு அடுக்களைக்குள் ஓடிவிட்டேன். "ஏ லூசு, ஒரு வார்த்தை சொன்னா வாயில இருக்க முத்து உதிந்துருமா?" என்று வாசலில் நின்று சிரித்தான். அழித்துவிடு என்று சொன்னேன். அழித்துவிட்டான். அதற்குப் பிறகு அவன் கேட்கவில்லை. இரண்டாம் முறையும் கேட்டிருக்கலாம்.

அப்பா இறந்த பிறகு என்னைப் படிக்கவைத்தது அவன்தான். அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதுவும் இதுவும் வேறு வேறு என்பது என் கருத்து.

இப்போது பிரேக்குக்கு வருகிறேன். இன்றைக்கு ஓடும் வண்டிகளில் கியர் இடது காலுக்கு, பிரேக் வலது காலுக்கு. அந்தக் காலத்துப் புல்லட்டில் இது நேர்மாறு. கியர் வலது கால். பிரேக் இடது கால். தொழிற்சாலையில் அப்படித்தான் செய்தார்கள், அதில் பிழை ஒன்றும் இல்லை. அண்ணன் முதல்முறை ஏறி உட்கார்ந்து இரண்டு பக்கமும் குனிந்து பார்த்தான்.

"என்ன பாப்பா இது, கண்ணாடியில பாத்துப் பூட்டுனியா?"

அவன் காலுக்கு அது பழகவில்லை. அதனால் என்ஜினுக்கு அடியில் குறுக்குக் கம்பிகள் வைத்து, கியரை இடது பக்கமும் பிரேக்கை வலது பக்கமும் மாற்றிக் கொடுத்தேன். நான்கு நாள் வேலை. பத்தொன்பது நாள் அவன் அப்படியே கடைக்கு ஓட்டிப் போனான். வலது காலில் பிரேக். பத்து வருடமாக அவன் ஓட்டிய மற்ற வண்டிகளைப் போலவே. நன்றாகவே ஓட்டினான்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கருத்தக்கண்ணன் வீட்டுக்கு வந்தார். ரிங் ரோட்டில் ஆல்டர் பட்டறை, அதாவது வண்டிகளை வெட்டி உருமாற்றும் பட்டறை, வைத்திருப்பவர். வண்டியை இரண்டு தடவை சுற்றிவந்தார். சட்டைப் பையிலிருந்து சாக்பீஸ் எடுத்தார்.

"டேங்குக்குப் பின்னால இருந்து இம்புட்டையும் எடுத்துரலாம் மாப்ள. குட்டி சீட்டு, தடி டயரு. சைலன்சர்ல கைய வச்சா அடுத்த தெருக்காரன் எந்திரிச்சு உக்காரணும்."

"சேஸ வெட்டணுமாண்ணே?"

"வெட்டாம எப்படி? மாப்பிள்ளைக்கு முடி வெட்டாமயா மேடையில ஏத்துவ?"

அண்ணன் கைதட்டிச் சிரித்தான். "பாப்பா, இத வீடியோ எடு." எடுத்தேன். வண்டியின் முதுகெலும்பு மாதிரி பின்னால் போகும் இரண்டு குழாய்களிலும் அவர் வெள்ளைக் கோடு போடுவது அந்த வீடியோவில் தெளிவாக இருக்கிறது. அந்தக் குழாய்களில் மட்டும் பதினாறு நாள் வேலை செய்திருந்தேன். அவனியாபுரம் ஜல்லிக்கட்டு அன்று ஊரே வாடிவாசலில் இருந்தபோது நான் அவற்றுக்குக் கடைசிப் பூச்சு பூசிக்கொண்டிருந்தேன்.

அவர் போனதும் சொன்னேன். "வெட்ட வேண்டாம்ணே."

"அட, பைக்குதான பாப்பா. ஒரிஜினல் எத்தன பேரு பாப்பான்? ஆல்டர் போட்டாத்தான் ஓடும். சமயநல்லூர்ல இன்னொண்ணு பாத்து வச்சிருக்கேன், உனக்காகவே தூக்கிட்டு வாரேன். நீ அதத் தேச்சுக்கிட்டே இரு." என் தலையில் லேசாகத் தட்டினான். அன்பாகத்தான் சொன்னான்.

ஒரு தடவை சொன்னால் போதும் என்று நினைப்பவள் நான். வண்டி அடுத்த திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் பட்டறைக்குப் போவதாக முடிவானது. வெட்டிய குழாயை மறுபடி ஒட்டலாம். ஆனால் ஒட்டு ஒட்டுதான். ஐம்பது வருடம் முறியாமல் இருந்த இரும்பு மறுபடி கிடைக்காது. எனக்கு எட்டு நாள் இருந்தது.

அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின நாள் மதுரையில் பழைய வண்டிகளின் கண்காட்சி ஒன்று. தொழிற்சாலையில் செய்தபடியே இருக்கும் வண்டிகளுக்குத்தான் பரிசு. அண்ணன் பெயர் கொடுத்திருந்தான். "எல்லாத்தையும் பழையபடி மாத்திரு பாப்பா. ஒரு நாளைக்குத்தான். அப்புறம் வெட்டத்தான் போறோம்." வெள்ளிக்கிழமை நான் குறுக்குக் கம்பிகளை எடுத்தேன். கியர் வலதுக்குப் போனது. பிரேக் இடதுக்கு வந்தது. இரண்டு மணி நேரம் பத்து நிமிட வேலை. அவனிடம் சொன்னேன். காட்டினேன். இருட்டும்வரை தெருவில் மேலும் கீழுமாக ஓட்டிப் பழகினான். நான் ரகசியமாக மாற்றினேன் என்று யாரும் சொல்ல முடியாது.

மூளைக்குத் தெரிவதும் காலுக்குத் தெரிவதும் வேறு வேறு, மேடம். மெதுவாகப் போகும்போது மனிதன் யோசித்து மிதிப்பான். திடீரென்று ஏதாவது எதிரே வந்தால் யோசிக்க நேரம் இருக்காது, கால் பத்து வருடப் பழக்கத்துக்குப் போகும். அந்த வண்டியில் வலது காலை அழுத்தினால் மூன்றாவது கியர் நான்காவதாகும். பிரேக் அந்தப் பக்கம் இல்லை. கையில் முன் பிரேக் இருக்கிறதே என்று கேட்பீர்கள். நம் ஊரில் பாதிப் பேர் அதைத் தொட மாட்டார்கள். அண்ணன் ஒருமுறை மணலில் முன் பிரேக்கைப் பிடித்து விழுந்தவன். அதிலிருந்து அவன் விரல் அந்தப் பக்கமே போனதில்லை. இதெல்லாம் வெள்ளிக்கிழமை மாலை எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாது. அவனிடம் நான் சொன்னது, "பாத்து ஓட்டு."

தெரிந்திருந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். ஒரிஜினலாக மாற்றச் சொல்லி அவன் கேட்காதிருந்தால் நான் வேறு ஏதாவது யோசித்திருப்பேன்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு வீடியோ எடுக்கப் போனோம். வீட்டிலிருந்து மூன்று கிலோமீட்டரில், கண்மாய்க் கரையை ஒட்டிப் போகும் நேர் ரோடு. அந்த நேரத்தில் ஆள் நடமாட்டம் இருக்காது. நான் ஸ்கூட்டியில் முன்னால் போய், வாய்க்கால் பாலத்துக்குப் பக்கத்தில் ரோட்டோரம் போனைப் பிடித்து நின்றேன். அண்ணன் தூரத்திலிருந்து வந்து என்னைத் தாண்டிப் போக வேண்டும். மூன்று முறை எடுத்தோம்.

மூன்றாம் முறை என் பக்கத்தில் வந்து நிறுத்தினான். வியர்த்திருந்தான். "பாப்பா, பஞ்சு மாதிரி போகுது. உன் கையில என்னமோ இருக்கு." பிறகு, "இன்னொரு வாட்டி வாரேன், கொஞ்சம் வேகமா. நல்லா எடு."

நான் தலையாட்டினேன்.

நான்காம் முறை வண்டி ரோட்டை விட்டு இடது பக்கம் இறங்கி, பாலத்தின் கட்டைச் சுவரில் இடித்தது.

ஓடினேன். வண்டி இடது பக்கமாகக் கிடந்தது. டேங்க் மூடியிலிருந்து பெட்ரோல் ஒழுகியது. முதலில் பெட்ரோல் குழாயை மூடினேன். சாவியைத் திருப்பினேன். சேஸின் இரண்டு குழாய்களையும் கையால் தடவிப் பார்த்தேன். வளைவு இல்லை. பிறகு அண்ணனிடம் போனேன். ஆம்புலன்ஸை அழைத்தது அதற்கும் பிறகு. இந்த வரிசையை நீங்கள் கேட்கவில்லை, நானாகத்தான் சொல்கிறேன். கண்மாய்க்குள் ஆடு மேய்த்த மலையம்மாள் சத்தம் கேட்டுக் கரை ஏறிவந்தபோது என் கை வண்டியின் மேல்தான் இருந்தது. பாவம், பயத்தில் பிரமை பிடித்து உட்கார்ந்திருக்கிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார். அண்ணன் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் இறந்துபோனான்.

அடக்கத்துக்கு வந்தவர்கள் ஒரே பேச்சைப் பேசினார்கள். "வீட்டுல வச்சுப் பூட்டுன வண்டில்ல. பிரேக்கு புடிக்கல போல." நல்லகாமன் அண்ணன் வாசலில் நின்று அழுதார். "அம்புட்டையும் கச்சிதமாச் செஞ்ச பய, பிரேக்குல கோட்டை விட்டுட்டானே." நான் அடுக்களையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவன் கோட்டை விடவில்லை. அவன் அந்தப் பிரேக்கைத் தொட்டதே இல்லை. அதன் லைனிங்கை வெட்டியதும் ஒட்டியதும் ஒரே சீராகப் பதியும்வரை தேய்த்ததும் நான்.

அவன் இறந்த பத்தொன்பதாம் நாள், விபத்து என்று முடிந்துவிட்டது, வண்டியை எடுத்துக்கொள்ளலாம் என்று ஆள் சொல்லி அனுப்பினீர்கள். அம்மா காயலான் கடைக்காரரை வரச் சொல்லிவிட்டார். "எம்புள்ளையத் தின்ன சனியன். என் கண்ணுல காட்டாம நொறுக்கிப் போடுங்க."

வண்டி மேல் தப்பில்லை என்று ஒருவராவது சொல்ல வேண்டும் இல்லையா. குற்ற வழக்கு என்றால் வண்டி வழக்குச் சொத்து ஆகிவிடும், கோர்ட்டைக் கேட்காமல் யாரும் அதை உடைக்க முடியாது என்று படித்திருக்கிறேன். நீங்கள் அதை வாசலில் வேப்பமரத்தடியில் நிறுத்தியிருக்கிறீர்கள். ஒரு தார்ப்பாய் போட்டு மூடச் சொல்லுங்கள். காக்கை எச்சம் பெயின்டை அரிக்கும்.

இன்று காலை நான் வந்தபோது நீங்கள் என்னை நம்பவில்லை.

"உக்காரும்மா. தண்ணி குடி. முடிஞ்சுபோன கேசு. பெத்தவளுக்கு ஆறுதலா வீட்டுல இருக்கிறத விட்டுட்டு, வந்ததுல இருந்து பிரேக்கு பிரேக்குங்கிற. இப்ப அதத் தெரிஞ்சு என்னம்மா ஆகப்போகுது?"

"பிடிக்கும் மேடம்."

"என்னது?"

"என் பிரேக் பிடிக்கும்."

'என்' என்று அன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. குரல் வந்தது. எனக்கே ஆச்சரியமாக இருந்தது. பின் சக்கரத்தை உருட்டிக்கொண்டே கியரை மேல்பக்கம் தட்டி எண்ணிப் பார்க்கச் சொன்னேன். உங்கள் கான்ஸ்டபிள் செய்தார். அந்த வண்டியில் மேலே தட்டினால் கியர் ஒவ்வொன்றாகக் குறையும். மூன்று தட்டு விழுந்தது. அப்படியென்றால் வண்டி நான்காவது கியரில் இருந்திருக்கிறது. அன்றைக்குக் கிளட்ச்சைப் பிடித்துத் தள்ளித்தான் வண்டியை ஏற்றினார்கள், கியரை யாரும் தொடவில்லை. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். மூன்று முறையும் மூன்றாவது கியரில் வந்தவன் நான்காவதுக்கு ஏன் மாற்றினான்? வேகத்துக்காக மாற்றவில்லை, என்ஜின் சத்தத்தில் எனக்குத் தெரியும். பிரேக் என்று நினைத்து வலது காலை அழுத்தினான். ரோட்டில் டயர் தேய்ந்த தடம் இல்லாததும் அதனால்தான்.

"சரிம்மா. மிதிச்சான்னே வச்சுக்குவோம். நேர் ரோடு, காலி ரோடு. அங்க எதுக்கு மிதிக்கப் போனாப்ள?"

மலையம்மாளைக் கூட்டிவரச் சொன்னீர்கள். ஆடு குறுக்கே வந்ததா என்று கேட்டதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "என் ஆட்டச் சொல்லாதீக தாயி. அம்புட்டும் கண்மாய்க்குள்ள கெடந்துச்சு. வேணும்னா ஆட்டையே கூட்டியாரேன், விசாரிச்சுக்கங்க."

"அப்ப நாயா?"

"நாயக் கண்டேனா பேயக் கண்டேனா. எனக்குக் கரை மறைச்சிருச்சு. சத்தந்தேன் கேட்டுச்சு."

அவரை அனுப்பிவிட்டு என்னிடம் திரும்பினீர்கள். "பிரேக்கே புடிச்சாலும், அந்தத் தூரத்துல வண்டி நின்னுருக்கும்னு என்னம்மா நிச்சயம்?"

நான் அந்த இடத்தில் கொஞ்சம் அவசரப்பட்டேன். "நின்றிருக்கும் மேடம். நானே ஓட்டிச் சோதித்திருக்கிறேன். வேகம் ஐம்பது. கால் நகர முக்கால் நொடி, அதற்குள் பத்து மீட்டர் போகும். கால் பிரேக் மட்டும் பிடித்து நிற்க முப்பத்திரண்டு மீட்டர். மொத்தம் நாற்பத்திரண்டு. அங்கே நாற்பத்தைந்து இருந்தது."

நீங்கள் பேனாவைக் கீழே வைத்தீர்கள்.

"எதுல இருந்தும்மா நாப்பத்தஞ்சு?"

அப்போதுதான் எனக்குக் குரல் போய்விட்டது. அப்போதுதான் தாள் கொடுத்தீர்கள்.

இது நான்காவது தாள். கடைசி வீடியோ அண்ணன் வந்து சேருவதற்குள் நின்றுபோனது, போன் சூடாகித் தானாக அணைந்துவிட்டது என்று அன்றைக்கு எழுதிக் கொடுத்திருந்தேன். அது பொய். நான்தான் நிறுத்தினேன். போனைப் பைக்குள் போட்டேன். ரோட்டோரம் ஒரு கரண்ட் கம்பம் உண்டு. அதிலிருந்து நாற்பத்தைந்து மீட்டர் எங்கே முடிகிறது என்று அவன் முதல் மூன்று முறை போய்த் திரும்பும் இடைவெளியில் அடியெடுத்து அளந்து வைத்திருந்தேன். அவன் கம்பத்துக்கு வரும்வரை காத்திருந்தேன்.

பிரேக்கை மிதித்திருந்தால் மூன்று மீட்டர் மிச்சம் வைத்து வண்டி நின்றிருக்கும். ஆகையால் அறிக்கையில் அந்த வரியை அடித்துவிடுங்கள். மிதிக்காமல் நேராக வந்திருந்தாலும் அவன் பிழைத்திருப்பான். ஹேண்டில்பாரைத் திருப்பியது அவன். அது அவனுடைய முடிவு.

அன்றைக்கு ரோட்டில் ஆடு இல்லை, நாய் இல்லை. என் அண்ணன் என்னை இடிக்க மாட்டான் என்பதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இருக்கவில்லை. அந்தத் தைரியத்தில்தான் ரோட்டின் நடுவில் நான் போய் நின்றேன்.